கடைசி பெஞ்சில் ஏழு வருடம்

2019இல் ஆறு மாதம் மால்டாவுக்கு ஆன்சைட் போயிருந்தேன். சிசிலிக்குத் தெற்கே, மொத்தமே 316 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நாடு. எங்கள் கிளையண்ட் ஓர் ஆன்லைன் சூதாட்டக் கம்பெனி. அவர்களுடைய தளத்தில் பணம் கட்டும் பகுதிக்குக் கோடு எழுதுவது என் வேலை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் மனசாட்சி பற்றியெல்லாம் பேசப்போகிறேன், அப்போது யாரும் ஞாபகப்படுத்தும்படி ஆகிவிடக் கூடாது.

வாடகை வீட்டின் உரிமையாளருக்கு எழுபதை ஒட்டிய வயது. கப்பல் கட்டும் துறையில் வேலை பார்த்தவரின் மகன். நான் கத்தோலிக்கன் என்று தெரிந்ததிலிருந்து என்னிடம் ஒரு தனி உரிமை எடுத்துக்கொண்டார். ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும், "வா, டூரிஸ்ட் யாரும் போகாத இடம் ஒண்ணு காட்டுறேன்" என்று காரில் ஏற்றிக்கொண்டார்.

பாவ்லா என்ற ஊரில், குன்றின் மேல் இருக்கும் அத்தொலொராத்தா கல்லறைத் தோட்டத்துக்குத்தான் கூட்டிப்போனார். வியாகுல மாதா பெயரில் அமைந்தது. 19ஆம் நூற்றாண்டில் கலீசியா என்பவர் வடிவமைத்தது. அதே ஆள், கொஞ்சம் தள்ளி, துருக்கியருக்காக ஒரு முஸ்லிம் கல்லறையையும் அழகாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார். செத்த பிறகு யார் எங்கே படுப்பது என்பதில் இந்தத் தீவுக்கு அக்கறை அதிகம் போல என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். சம்மனசுகள், சிலுவைகள், பளிங்குக் குடும்பக் கல்லறைகள் எல்லாவற்றையும் தாண்டி ஓர் ஓரத்துக்கு வந்ததும் அவர் நின்றார்.

"இதுக்கு நாங்க வச்ச பேரு மிஸ்ப்லா."

மால்டா மொழியில் அதற்குக் குப்பைமேடு என்று பொருள். மந்திரிக்காத நிலம். 1960களில், தவறான கட்சியில் இருந்த கத்தோலிக்கர்களைப் புதைத்த இடம்.

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும். அப்போது மால்டா பிரிட்டிஷ் காலனி. மக்கள் தொகை மூன்று லட்சத்துக்குச் சற்று மேல், ஏறக்குறைய எல்லோரும் கத்தோலிக்கர். புனித பவுல் கப்பல் உடைந்து கரையேறிய தீவு என்ற பெருமை அவர்களுக்கு உண்டு. வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோவில் இருக்கிறது என்று பீற்றிக்கொள்வார்கள். பேசுவது அரபியிலிருந்து வந்த மொழி. அதில் கடவுளுக்கு 'அல்லா' என்றுதான் பெயர், தபசுகாலத்துக்கு 'ரந்தான்'. இப்படி ஓர் ஊரில் ஆண்டவருக்கு அடுத்தபடி பேராயர்தான்.

அந்தப் பேராயர் மிக்கேல் கோன்சி. 1943இலிருந்து 1976 வரை அந்த நாற்காலியில் இருந்தவர். எதிரே தொழிற்கட்சித் தலைவர் டொம் மின்டோஃப். துறைமுகத்தை ஒட்டிய பொர்ம்லாவில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் படித்த கட்டடப் பொறியாளர். சின்ன வயதில் குருமடத்திலும் படித்தவர். அவருடைய சொந்தத் தம்பி பிரான்சிஸ்கன் சபைக் குரு. இன்னொரு பக்கம் பார்த்தால், 1921இல் மால்டாவுக்கு முதல் செனட் வந்தபோது தொழிலாளர் தரப்பிலிருந்து அதற்குள் போனவர்களில் ஒருவர், அன்று இளங்குருவாக இருந்த இதே கோன்சி. ஆக இது வெளியே இருந்து வந்த நாத்திகனோடு சபை போட்ட சண்டை என்று சொல்ல முடியாது. ஒரே வீட்டுச் சண்டை. அதனால்தான் அவ்வளவு கொடூரமாகப் போனது என்று நினைக்கிறேன்.

மின்டோஃப் 1955இல் 56.7 சதவீத ஓட்டோடு பிரதமரானார். பிரிட்டனோடு மால்டாவை இணைத்துவிட வேண்டும் என்று 1956இல் பொது வாக்கெடுப்பு நடத்தினார். புராட்டஸ்டண்ட் நாட்டோடு இணைந்தால் சபையின் இடம் என்னாவது என்று கோன்சிக்குப் பயம். இணைப்பு நடக்கவில்லை. 1958இல் மின்டோஃப் ராஜினாமா செய்தார், கலவரம் வந்தது, லண்டனிலிருந்து நேரடி ஆட்சி. அதற்குப் பிறகு மின்டோஃப் சோஷலிச நாடுகள் பக்கமும் ஆசிய ஆப்பிரிக்க அமைப்புகள் பக்கமும் சாய்ந்தார். சபை வேறு, அரசு வேறு என்றார். கோவிலுக்கு வெளியேயும் கல்யாணம் பதிவு செய்யலாம் என்றார். இன்றைக்கு இதெல்லாம் ரொம்பச் சாதாரணமாகப் படலாம்.

கோன்சியின் பயத்தை எளிதாகச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. ஹங்கேரியில் கர்தினால் மின்சென்டி 1949இல் ஆயுள் தண்டனை பெற்றார். போலந்தில் கர்தினால் விஷின்ஸ்கி 1953இலிருந்து மூன்று வருடம் காவலில் இருந்தார். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக இந்தச் செய்திகளைப் படித்துக்கொண்டிருந்த ஒரு முதியவருக்கு, தன் துறைமுகத்தில் கேட்ட 'சோஷலிசம்' என்ற சொல் எப்படிக் கேட்டிருக்கும்!

1961 ஏப்ரலில் தொழிற்கட்சியின் நிர்வாகக் குழுவுக்குத் திருவருட்சாதனங்கள் மறுக்கப்பட்டன. அதே ஆண்டு, கட்சியின் பத்திரிகைகளை வாசிப்பது, விற்பது, அதில் விளம்பரம் கொடுப்பது எல்லாம் சாவான பாவம் என்று அறிவிப்பு வந்தது. அடுத்து, அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவதும் சாவான பாவம். மின்டோஃப் கூட்டத்தில் பேச எழுந்தால் பக்கத்துக் கோவில் மணிகள் விடாமல் அடிக்கும். கட்சிக்காரர்களின் கல்யாணம் பீடத்துக்கு முன்னால் நடக்காது. சக்ரீஸ்தில், அதாவது குருமார் பூசை உடுப்பு மாட்டும் அறையில், பூ இல்லாமல் மணி இல்லாமல் முடித்து அனுப்புவார்கள். பாஸ்கா காலத்தில் தெருத்தெருவாக வீடு மந்திரிக்க வரும் சாமியார் சில கதவுகளைத் தட்டாமல் தாண்டிப் போவார். அந்த வருடம் செப்டம்பரில் கட்சியின் துணைத் தலைவர் ஜூஸே எல்லுல் மெர்சர் இறந்தார். மால்டா மொழியின் முக்கியமான நாவலாசிரியர்களில் ஒருவர். அவரைப் புதைத்த இடம்தான் நான் நின்றுகொண்டிருந்த குப்பைமேடு.

வீட்டுக்காரருக்கு அப்போது பதினொன்று பன்னிரண்டு வயது. அப்பா கட்சிக்காரர், கோவிலுக்குப் பெரிதாகப் போகாதவர். அம்மா தினப் பூசைக்காரி. 1962 பிப்ரவரித் தேர்தலுக்கு முன்னால் அம்மா பாவசங்கீர்த்தனத்துக்குப் போயிருக்கிறார். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்ததும் உள்ளிருந்து கேள்வி வந்திருக்கிறது: யாருக்கு ஓட்டுப் போடப் போகிறாய்?

"அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"அது நான் சொல்ல வந்த பாவத்துல இல்லையே சாமின்னு சொல்லியிருக்கா."

பாவமன்னிப்புக் கிடைக்கவில்லை. மன்னிப்பு இல்லாமல் நன்மை வாங்க முடியாது. அம்மா மறுநாளும் பூசைக்குப் போனார், அதற்கடுத்த நாளும் போனார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். எல்லோரும் நன்மை வாங்க எழுந்து போகும்போது அவர் மட்டும் முழங்காலில் இருந்தார். இப்படி ஏழு வருடம்.

நம் ஊர்ப் பங்குகளில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். பூசையில் நன்மை வாங்காமல் இருப்பது யாரும் பார்க்காத காரியம் இல்லை. நான் ஒரே ஒரு ஞாயிறு எழுந்து போகாமல் இருந்ததற்கு எங்கள் வீட்டில் மூன்று நாள் விசாரணை நடந்தது.

பாவசங்கீர்த்தனத் தொட்டியும் ஓட்டுப் போடும் மறைப்பும் ஒன்றுபோலவே இருப்பதை அதற்கு முன் நான் யோசித்ததில்லை. இரண்டும் ஒரே ஓர் ஆள் நிற்கிற அளவு. இரண்டிலும் மறைப்பு. இரண்டும் கொஞ்சம் பிந்தி வந்த கண்டுபிடிப்புகள். தட்டியும் சட்டமும் வைத்த தொட்டிக்கு அளவெல்லாம் கொடுத்து 1577இல் எழுதிவைத்தவர் மிலான் பேராயர் கார்லோ பொரொமேயோ. ரகசிய ஓட்டு ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1856இல் வந்து, பிரிட்டனுக்கு 1872இல் சட்டமாகப் போனது. அதற்கு முன் பண்ணையார் முன்னிலையில் வாய்விட்டுச் சொல்லித்தான் ஓட்டு. ஒன்றில் ஆள் கடவுளுக்கு முன்னால் தனியாக நிற்கிறான், இன்னொன்றில் ஊருக்கு முன்னால் தனியாக நிற்கிறான். 1962இல் மால்டாவில் ஒரு பெட்டிக்குள்ளிருந்து இன்னொரு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

எட்டிப் பார்த்தவர்கள் கேட்ட கேள்வியும் தப்பு என்றுதான் எனக்குப் படுகிறது, அதுவும் கத்தோலிக்கக் கணக்கின்படியே. சாவான பாவத்துக்கு மூன்று நிபந்தனை வேண்டும் என்று ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்திருக்கிறேன்: காரியம் கனமானதாக இருக்க வேண்டும், முழு அறிவோடு செய்ய வேண்டும், முழுச் சம்மதத்தோடு செய்ய வேண்டும். மூன்றும் சேர்ந்து உண்மையானால்தான் பாவம். எங்கள் பாஷையில் சொன்னால் நடுவில் இருப்பது 'அண்ட்', 'ஆர்' கிடையாது. பேராயரால் முதலாவதைப் பற்றி மட்டும்தான் ஊருக்குப் பொதுவாகப் பேச முடியும். மற்ற இரண்டும் அந்த அம்மாவின் உள்ளே இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் 'ஏன்' என்றுதான் கேட்க வேண்டும். சாமியார் 'யாருக்கு' என்று கேட்டார்.

இது நவீனர்களின் சௌகரியமான வாதம் என்று யாராவது சொல்லலாம். 13ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்குவினாஸ் இந்த இடத்தில் பயமில்லாமல் வெகுதூரம் போயிருக்கிறார். மனசாட்சி தவறாகவே சொன்னாலும் அதை மீறி நடப்பவன் பாவம் செய்கிறான் என்பது அவர் நிலை. அதற்கு அவர் எடுத்த உதாரணம்தான் தூக்கிவாரிப் போடுகிறது. கிறிஸ்துவை நம்புவது தீமை என்று ஒருவனுடைய புத்தி உண்மையிலேயே தீர்மானித்துவிட்டால், அப்படி இருந்தும் நம்புவது அவனுக்குப் பாவம் என்கிறார். கூடவே, மனசாட்சி ஏன் தவறிப்போனது என்று ஆராயாமல் சோம்பி இருந்தவன் தப்பித்துவிட முடியாது என்றும் பூட்டுப் போடுகிறார். அந்த இரண்டாவது பாதி என்னைப் போன்றவர்களுக்கானது. 'என் மனசாட்சிப்படி' என்று நாம் சொல்வதில் பாதி, எதையும் படிக்காமல் எடுத்த முடிவு.

1962 தேர்தல் மூன்று நாள் நடந்தது. பதிவானது 90 சதவீதத்துக்கு மேல். மால்டாவில் ஒரு சின்னத்தில் குத்திவிட்டு வருகிற முறை கிடையாது. வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் எண் போட வேண்டும். பென்சிலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரமாவது நின்றே ஆக வேண்டும். தேசியக் கட்சி 25 இடங்களைப் பிடித்து ஆட்சிக்கு வந்தது. தொழிற்கட்சிக்கு 16. ஓட்டு 56.7இலிருந்து 33.8 சதவீதமாக இறங்கியிருந்தது.

வரலாற்றுப் புத்தகங்கள் இந்த இறக்கத்தைப் பேசும். எனக்கு மிச்சமிருந்த 33.8தான் ஆச்சரியம். ஏறக்குறைய 51 ஆயிரம் பேர். நரகம் என்று ஒன்று இருப்பதாக நிஜமாகவே நம்பிய ஊரில், இதைச் செய்தால் அங்கேதான் போவாய் என்று பீடத்திலிருந்து சொன்ன பிறகும், உள்ளே போய் அந்தப் பெயருக்கு எதிரே 1 என்று எழுதியவர்கள். இவர்களில் பெரும்பாலோர் மதம் மாறவில்லை, கோவிலைக் கொளுத்தவில்லை. வேலை, வீடு, பென்ஷன், காலனியிலிருந்து விடுதலை என்று ஏதோ ஒரு நியாயத்தை எடைபோட்டிருக்கிறார்கள். பிறகு ஞாயிறு வந்ததும் கோவிலுக்குப் போயிருக்கிறார்கள். பயந்து மாற்றிப் போட்டவர்களையும் நான் கோழை என்று சொல்ல மாட்டேன். பேராயர் சொல்வது உண்மையாக இருக்கலாம் என்று நினைத்து மாற்றியவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். வாக்குச்சீட்டில் இவை எல்லாமே வெறும் எண்கள்தான். காரணம் எழுத அதில் இடம் கிடையாது.

அதே 1962இன் அக்டோபரில் ரோமில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்கியது. உலகத்து ஆயர்களெல்லாம் கூடிய அந்தச் சங்கத்துக்குக் கோன்சியும் போனார். 1965 டிசம்பர் 7 அன்று வெளியான 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற ஏடு, மனசாட்சியை மனிதனின் மிக மறைவான உள்ளறை என்றது. அங்கே அவன் கடவுளோடு தனியாக இருக்கிறான் என்றது. பொதுநலனுக்காகச் சுதந்திரமாக ஓட்டுப் போடுவது உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட என்றது. எல்லாப் பிரச்சினைக்கும் சாமியாரிடம் பதில் இருக்கும் என்று பொதுநிலையினர் எதிர்பார்க்கக் கூடாது, ஒரே விசுவாசம் உள்ளவர்கள் ஒரே விஷயத்தில் நேர்மையாகவே வேறு வேறு முடிவுக்கு வரலாம், தன் முடிவுதான் சபையின் முடிவு என்று யாரும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. இது ரோமில் வெளியானபோது வீட்டுக்காரரின் அம்மா கடைசி பெஞ்சில் நாலாவது வருடத்தை முடிக்கப்போகிறார்.

1969 ஏப்ரலில் கோன்சியும் தொழிற்கட்சியும் சமாதானம் செய்துகொண்டார்கள். அரசியல் சமூகம் வேறு, சபை வேறு என்பது எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டது. 1971இல் மின்டோஃப் 50.8 சதவீத ஓட்டோடு, ஒரே ஓர் இடம் அதிகம் பெற்று, மறுபடி பிரதமரானார். 1975இல் சிவில் திருமணச் சட்டம் வந்தது. வானம் இடிந்து விழவில்லை.

இத்தோடு கதையை நிறுத்தினால் நன்றாகத்தான் இருக்கும், மின்டோஃப் நாயகனாகவும் கோன்சி வில்லனாகவும் முடியும். மின்டோஃபின் பிற்கால ஆட்சி அப்படி இல்லை. அடியாட்கள், வன்முறை, வேண்டியவர்களுக்கு வேலை. 1981 தேர்தலில் குறைவான ஓட்டு வாங்கியும் தொகுதிக் கணக்கில் அதிக இடம் பிடித்து அவர் கட்சியே ஆட்சியில் தொடர்ந்தது. கத்தோலிக்கப் பள்ளிகளின் கட்டணம் பற்றிய தகராறில், 1984 செப்டம்பரில் துறைமுகத் தொழிலாளர்கள் கூட்டமாகப் போய்ப் பேராயர் அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். 'அந்த ஆளை நம்பாதீங்க' என்று 1962இல் சொன்னவர்களில் கொஞ்சம் பேராவது சரியாகத்தான் கணித்திருக்கிறார்கள். அதனால் அந்த 51 ஆயிரம் பேரின் மனசாட்சி தோற்றுப்போனது என்று ஆகுமா? இருபது வருடம் கழித்து நடக்கப்போவது அவர்களுக்கு எப்படித் தெரியும்? எடைபோட்டபோது தட்டில் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி.

சபையும் பின்னாளில் இந்தக் கேள்விக்குத்தான் வந்து சேர்ந்தது. 2004இல் அமெரிக்காவில் கத்தோலிக்கரான ஜான் கெர்ரி ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவர். அவருக்கு நன்மை கொடுக்கலாமா, அவருக்கு ஓட்டுப் போடலாமா என்று சண்டை. அப்போது ரோமில் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்தின் தலைவராக இருந்த ராட்சிங்கர், பின்னாள் பதினாறாம் பெனடிக்ட், அமெரிக்க ஆயர்களுக்கு அனுப்பிய குறிப்பில் ஒரு வேறுபாட்டைப் போட்டார். கருக்கலைப்பை ஆதரிக்கிறார் என்ற அந்தக் காரணத்துக்காகவே ஒருவருக்கு ஓட்டுப் போட்டால், நீயும் அந்தத் தீமைக்கு மனதார உடன்பட்டவன். அதில் உடன்பாடு இல்லாமல், வேறு காரணங்களுக்காகப் போட்டால் அது தூரத்துப் பங்கு மட்டுமே. அதற்கு ஈடான கனமான காரணம் இருந்தால் அனுமதிக்கப்படலாம். அதே ஓட்டு, அதே பெயர், காரணம் மட்டும் வேறு. தாராளவாதி என்று யாரும் குற்றம் சாட்டாத ராட்சிங்கரே 'ஏன்' என்று கேட்கச் சொல்கிறார்.

மனதார உடன்படுவது, தூரத்திலிருந்து பங்கெடுப்பது என்ற இந்தப் பிரிவு நீதிநெறி இறையியலில் பழையது. இதைப் படித்த ராத்திரி, சூதாட்டத் தளத்தில் பணம் கட்டும் பொத்தானுக்குப் பின்னால் இருக்கும் என் கோடு எந்த வகையில் வரும் என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன். தூரத்துப் பங்குதான் என்று தீர்ப்பெழுதினேன். ஈடான கனமான காரணம் என்ன என்ற இடத்தில் வீட்டுக்கடன் தவணை ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. அது போதுமா என்று எனக்கு நானே பதில் சொல்லவில்லை, தூங்கிவிட்டேன்.

2011 மே 28 அன்று மால்டாவில் விவாகரத்துக்குப் பொது வாக்கெடுப்பு. சபை எதிர்த்தது, சில மேடைகளில் பழைய சூடும் தெரிந்தது. ஆனால் இந்த முறை ஓட்டுக்குச் சாவான பாவம் என்ற பட்டம் இல்லை. 53 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். பிரச்சாரத்தில் யாரையாவது புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும் என்று ஆயர்கள் அறிக்கை விட்டார்கள். அதற்கு அடுத்த வருடம் மின்டோஃப் இறந்தார். வலெட்டாவின் அருளப்பர் பேராலயத்தில் அரசு மரியாதையோடு அடக்கப் பூசை நடந்தது. புதைத்தது இதே அத்தொலொராத்தாவில்.

எல்லுல் மெர்சரின் கல்லறையைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடக்கும்போது வீட்டுக்காரர் தன் அம்மாவின் கல்லறைக்கும் கூட்டிப்போனார். மந்திரித்த பக்கத்தில்தான் இருந்தது. சமாதானம் வந்த பிறகு 1969இல் அம்மா மறுபடி நன்மை வாங்க ஆரம்பித்திருக்கிறார். எந்தச் சாமியாரிடம் போனார், என்ன சொன்னார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. மறுபடியும் முன் பெஞ்சுக்கு மட்டும் அவர் போகவே இல்லையாம். பழகிவிட்டது என்றாராம்.

"அந்த 62ல உங்க அம்மா தொழிற்கட்சிக்குத்தானே போட்டாங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"யார் சொன்னது? எங்க அம்மாவுக்கு மின்டோஃபைப் பிடிக்கவே பிடிக்காது. எங்க அப்பா சாகுற வரைக்கும் கேட்டுப் பார்த்தார், அவ சொல்லல."

காரில் ஏறினோம். பாதி வழியில் பேச்சை வளர்க்கலாமே என்று, 2011இல் நீங்கள் விவாகரத்துக்கு ஆம் போட்டீர்களா இல்லை போட்டீர்களா என்று கேட்டுத் தொலைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார்.